திங்கள், புதன், வெள்ளி

"அம்மா, மூவரில் ஒருவரை நான் நாட்டை விட்டு அனுப்ப வேண்டும். யாரை அனுப்புவது?"

உலகப்ப நாட்டார் இவ்வாறு வினவியபோது கல்லாற்று அம்மை கீரைப் பாத்திக்கு நீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

நாட்டாருக்கு அகவை அறுபத்தாறு. மலையடிவாரத்து ஏழூர்களுக்கும் அவரே தலைவர். அம்மை நாற்பதைத் தாண்டாதவள். எனினும் எட்டு ஆண்டுகளாகப் பௌர்ணமிதோறும் அவர் ஆற்றைக் கடந்து வந்து, அவள் முன் வெறுந்தரையில் அமர்வது வழக்கம். அவள் சொன்னவற்றில் விளங்கியதைச் செய்வார். விளங்காததை அடுத்த பௌர்ணமிவரை சுமந்து திரிவார்.

அன்று பௌர்ணமி இல்லை.

"இதுவரை எத்தனை பேர்?" என்றாள் அம்மை.

"முப்பத்தொரு பேர். நேற்று மாலை கீழூரில் ஒரு பெண் போனாள். அவளையும் சேர்த்து."

அம்மை செம்பைக் கீழே வைத்தாள்.

தை மாதத்தில் தொடங்கிய காய்ச்சல் அது. முதலில் தலை நோகும். பிறகு ஈறுகளில் குருதி கசியும். எட்டாம் நாள் நோயாளி எழுந்து கஞ்சி கேட்பார். கேளாதவரை ஒன்பதாம் நாள் எடுத்துச் செல்வார்கள். பங்குனி பாதி கடந்தும் அது ஓயவில்லை.

மறுநாள் காலை ஏழூர்ச் சபை கூட இருந்தது. காவல் பொறுப்பில் இருந்த எவரோ தவறிவிட்டார், அவர் பெயரை நாட்டார் சொல்ல வேண்டும் என்று ஊர்கள் கேட்டிருந்தன. பெயர் சொல்லப்பட்டவர் அந்தி சாயுமுன் வெளியேற வேண்டும். அதன் பின் ஏழூரில் எவரும் அவருக்குத் தண்ணீர் கொடுக்கமாட்டார்.

"யார் அந்த மூவர்?"

மனிதர்களைக் காக்கும் சிவக்கொழுந்து வைத்தியர் ஒருவர் என்றார் நாட்டார். மாடுகளுக்கு வைத்தியம் பார்க்கும் சங்கிலி இரண்டாமவன். காட்டைக் காவல் காக்கும் மாசாணி மூன்றாமவள்.

"யார் பெயரை நினைத்துக்கொண்டு ஆற்றைக் கடந்தீர்?"



"மாசாணியை."

காரணமும் சொன்னார். காட்டுக்குப் போனவர்களைத்தான் நோய் முதலில் பிடித்தது. காடு அவள் பொறுப்பு. மேலும், காய்ச்சல் இன்னும் இரண்டு ஊர்களில் இருக்கையில் வைத்தியரை அனுப்ப இயலாது. சங்கிலியோ மகளைப் பறிகொடுத்தவன். மாசாணி தனியாள். அவளுக்காகச் சபையில் எழுந்து பேசுவதற்குச் சொந்தபந்தம் எவருமில்லை.

"வசதிதான்" என்றாள் அம்மை.

நாட்டாரின் முகம் சிவந்தது. தாம் வசதி தேடி வரவில்லை, நீதி தேடி வந்ததாகச் சொன்னார். தம் பக்கம் ஒரு நாளும் சுணக்கம் நேர்ந்ததில்லை என்றும் சொன்னார்.

"சுணக்கம் இல்லாமல் என்ன செய்தீர்? சொல்லும்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்.

தை பிறந்த சில நாட்களில், ஒரு திங்கட்கிழமை, மாசாணி வந்தாள். ஆலஞ்சுனை என்னும் ஊற்றின் கரையில் பதினோரு மந்திகள் செத்துக் கிடந்ததாகச் சொன்னாள். தனக்கு அந்த இடம் பிடிக்கவில்லை என்றாள். ஊர் மிரளாதபடி சந்தடியில்லாமல் புதைத்துவிடு என்று அப்போதே உத்தரவிட்டார்.

அதே வாரம், புதன்கிழமை, சங்கிலி வந்தான். வைக்கோல் தீர்ந்துவிட்டது, மாடுகளுக்கு விலா எலும்பு தெரிகிறது, ஆலஞ்சுனைப் பக்கம் மட்டும் புல் பசுமையாக இருக்கிறது என்றான். காட்டு வேலியைத் திறந்துவிட அப்போதே உத்தரவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து, வெள்ளிக்கிழமை, வைத்தியர் வந்தார். கீழூரில் மாடு மேய்த்த நால்வருக்குக் காய்ச்சல், கஷாயத்திற்குச் சீந்தில் கொடி வேண்டும், அது ஆலஞ்சுனையில் தழைத்திருக்கிறது என்றார். பறித்து வர ஆட்களை அப்போதே அனுப்பினார்.

"ஒரு உத்தரவுகூட மறுநாளைக்குத் தங்கவில்லை, அம்மா."



"இந்த மூவரும் ஒன்றாக உட்கார்ந்து பேசி எவ்வளவு காலமாயிற்று?"

"பன்னிரண்டு ஆண்டுகள்" என்றார் நாட்டார். அவர் குரலில் ஒரு பெருமிதம் எட்டிப் பார்த்தது. "அந்தச் சச்சரவை நிறுத்தியவன் நான்தான்."

முன்பெல்லாம் மூவரும் ஒரே நாளில்தான் வருவார்கள். ஒரு முறை, மாட்டின் வயிற்றுக்குள் கைவிட்டுக் கன்றெடுக்கும் சங்கிலியோடு ஒரே ஜமுக்காளத்தில் அமர இயலாது என்று வைத்தியர் நின்றுகொண்டே இருந்தார். இந்தக் கை உள்ளே போகாவிட்டால் காலையில் வைத்தியருக்கு மோர் எங்கிருந்து வரும் என்று சங்கிலி கேட்டான். மாசாணி அடக்கமாட்டாமல் சிரித்தாள். வைத்தியர் மாதக்கணக்கில் வரவில்லை. இருவரில் ஒருவர் மனம் நோகத் தீர்ப்புச் சொல்ல நாட்டாருக்கு மனம் வரவில்லை. ஆகவே மூவருக்கும் மூன்று நாட்களை ஒதுக்கினார். திங்கள் காட்டுக்கு. புதன் மாட்டுக்கு. வெள்ளி மனிதருக்கு. ஒருவர் நாளில் மற்றவர் வாசலை மிதிக்கக் கூடாது. ஒருவர் சொன்னதை மற்றவரிடம் நாட்டார் வாய் தவறியும் சொல்லமாட்டார். ஒருவர் நாளில் பிறந்த உத்தரவை மற்றவர் கேள்வி கேட்கவும் கூடாது.

அன்றிலிருந்து அவர் வீட்டில் ஒரு கடுஞ்சொல் எழுந்ததில்லை.

"நல்ல ஏற்பாடு என்று ஏழூரும் புகழ்ந்தது" என்றார்.

"புகழ்ந்திருக்கும்" என்றாள் அம்மை.

அவள் எழுந்து துறைக்குப் போய், ஓடக்காரரிடம் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டு வந்தாள்.

"மூவரையும் வரச் சொல்லியிருக்கிறேன். நீர் அடுக்களைக்குள் அடுப்பைப் பார்த்துக்கொள்ளும். நான் சொல்லும்வரை வாய் திறக்கக் கூடாது."

நாட்டார் தலையசைத்தார். முறைக்குக் கட்டுப்படுவதில் அவருக்கு நிகரானவர் அந்த நாட்டில் இல்லை.

பிற்பகலில் மூவரும் வந்தார்கள்.

வாசலில் இலுப்பை மரத்து நிழலில், இடுப்பளவு உயரத்திற்குப் புளி குவிந்து கிடந்தது. மூன்று தட்டைக் கல்லும் மூன்று குண்டுக்கல்லும் இருந்தன.

கொட்டை எடுக்க ஆளில்லை என்றாள் அம்மை.

வைத்தியர் நம்பாமல் பார்த்தார். "புளி தட்டவா என்னை அழைத்தீர்கள்?"

"ஆம்."

அவர் அங்குமிங்கும் பார்த்துவிட்டு, கவிழ்ந்து கிடந்த உரலின் மேல் அமர்ந்தார். மற்ற இருவரும் தரையில் உட்கார்ந்து தட்டத் தொடங்கினார்கள். அம்மை உள்ளே வந்து நாட்டாருக்கு எதிரே அமர்ந்து அரிசி களைந்தாள். அடுக்களைக்கும் வாசலுக்கும் நடுவே ஒரு கீற்றுத் தடுக்கு மட்டுமே இருந்தது.

நெடுநேரம் கல்லின் ஓசையைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை.

பிறகு சங்கிலியின் குரல் வந்தது.

"வைத்தியரே, உரல் மேல இருந்தா புளி எட்டாது. கீழ எறங்குங்க. நான் ஒண்ணும் கடிச்சிர மாட்டேன்."

"அவரு கடிக்காம இருந்தாச் சரி" என்றாள் மாசாணி. சிரிக்க முயன்று இருமினாள்.

வைத்தியர் இறங்கினார். அந்த இருமல் அவரை இறக்கியிருக்கக்கூடும். காய்ச்சலில் பிழைத்தவள் அவள். எத்தனை நாள் படுத்திருந்தாள், எப்போது கஞ்சி குடித்தாள் என்றெல்லாம் கேட்டார். அவளுடன் அவர் நேருக்கு நேர் பேசியது பன்னிரண்டு ஆண்டுகளில் அதுவே முதல்முறை.

இப்போது எப்படி இருக்கிறது கீழூர் என்று அவள் கேட்டாள். சற்றுக் குறைகிறது என்றார் வைத்தியர். ஒருவரும் காட்டுப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. விறகில்லாமல் வீட்டுக் கூரையைப் பிய்த்து எரிக்கிறார்கள். என் பேச்சையா கேட்கிறார்கள், காட்டுக்குப் போகக் கூடாது என்று நாட்டார் சொன்னார் என்ற ஒன்றுக்காக அடங்கிக் கிடக்கிறார்கள். அந்தச் சொல் மட்டும் இல்லையென்றால் இன்னும் முப்பது பேரைத் தூக்கியிருப்போம்.

அடுப்பருகில் இருந்த நாட்டார் ஒரு சுள்ளியை உள்ளே தள்ளினார்.

வைத்தியர் மேலும் சொன்னார். காய்ச்சல் கண்டவர்கள் எல்லாருடைய காலிலும் அக்குளிலும் உண்ணிக்கடி பார்த்தாராம். மாட்டோடு பழகுகிறவர்களுக்கு உண்ணி கடிக்கத்தானே செய்யும் என்று அதைப் பொருட்படுத்தவில்லையாம்.

இந்த வருசம் மாட்டுக்கு உண்ணி மிகுதி என்றான் சங்கிலி. ஒரு பசுவின் காதில் மட்டும் ஒரு கைப்பிடி எடுத்தேன், அது எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை என்றான்.

"எனக்குந்தான் கடிச்சுச்சு" என்றாள் மாசாணி. "மந்தியைப் பொதைக்கும்போது."

சங்கிலியின் கல் நின்றது.

"எந்த மந்தி?"

"ஆலஞ்சுனையில செத்துக் கெடந்துச்சே. பதினொண்ணு."

"எப்போ?"

"தை பொறந்து நாலாம் நாள் பாத்தேன்."

மூன்று கற்களும் ஓய்ந்துவிட்டன. நாட்டார் அடுப்பிலிருந்து முகத்தைத் திருப்பினார்.

சங்கிலி மெதுவாகப் பேசினான். தனக்குத் தானே சொல்லிக்கொள்வதைப் போல இருந்தது.

"மந்தி விழுந்து செத்த எடத்துல உண்ணி எறங்கும். எங்கப்பன் சொல்லுவான். ஒரு கோடை முழுக்க அந்தப் பக்கம் மாட்டை ஓட்டமாட்டோம். மந்தி செத்த சேதி ஒண்ணு போதும் எங்களுக்கு." அவன் நிறுத்தினான். "அதே வாரம் புதன்கெழமை, ஆலஞ்சுனையைத் தொறந்துவிடுங்கன்னு கேட்டவன் நான். முதல் மாட்டை ஓட்டிக்கிட்டுப் போனவனும் நான்."

வைத்தியர் கையிலிருந்த புளியைக் கீழே வைத்தார். சீந்தில் எங்கே தழைத்திருக்கிறது என்று நாட்டார் கேட்டபோது அந்த இடத்தின் பெயரைச் சொன்னது தாம்தான் என்றார்.

"இருபது பேரை அனுப்பினோம்."

"இருபத்தொண்ணு" என்றான் சங்கிலி. "எம்மக கடைசியா ஓடிப்போயிச் சேர்ந்துக்கிட்டா."

இலுப்பை மரத்தில் காகம் ஒன்று கத்திவிட்டுப் பறந்தது.

மாடு போவதைப் பார்த்தாயே, ஏன் தடுக்கவில்லை என்று வைத்தியர் மாசாணியைக் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளவே கேட்டார்.

"நாட்டார் உத்தரவுன்னாங்க. புதன்கெழமை உத்தரவைத் திங்கக்கெழமைக்காரி கேக்கலாமா?"

அவள் மேலும் ஏதோ சொல்லத் தொடங்கி, சொல்லாமல் விட்டாள்.

அவள் விட்ட இடம் எதுவென்று அடுக்களையில் இருந்தவருக்குத் தெரியும்.

மாடுகள் காட்டுக்குள் போன மறு வாரம். புதன்கிழமை. வெயில் ஏறியிருந்தது. சங்கிலி பேசிவிட்டுப் போயிருந்தான். வாசற்படிக்கு அப்பால் மாசாணி நின்றாள். காட்டிலிருந்து நேரே வந்திருந்தாள். காலில் சேறு காய்ந்திருந்தது. அந்த மாடுகளைப் பற்றி ஒரு வார்த்தை என்று தொடங்கினாள். இன்று உன் நாள் இல்லையே என்று நாட்டார் புன்னகையோடு சொன்னார். கனிவாகத்தான் சொன்னார். திங்கட்கிழமை வருகிறேன் என்று அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை அவள் வரவில்லை. காய்ச்சலில் விழுந்துவிட்டாள்.

அவள் சொல்ல வந்தது என்னவாக இருக்கும் என்று அவர் ஆள் அனுப்பிக் கேட்கவில்லை. அது அவள் நாளில் அவளே சொல்ல வேண்டியது அல்லவா என்று இருந்துவிட்டார். அதற்கு அடுத்த வெள்ளியில்தான் சீந்தில் பறிக்க ஆட்கள் போனார்கள்.

அடுப்பு அணைந்துகொண்டிருந்தது. அவர் கவனிக்கவில்லை. அம்மையும் சொல்லவில்லை.

வெளியே சங்கிலியின் குரல் மாறியிருந்தது.

"மாசாணி. மந்தி செத்ததை நாட்டார்கிட்டச் சொன்னியா?"

அவள் மடியில் ஒட்டிய புளியங்கொட்டையைத் தட்டிவிட்டாள்.

"தை நாலுன்னா வெள்ளியோ சனியோ. அடுத்து வந்தது ஒன் நாள்தானே. போயிருப்பியே. சொன்னியா?"

கீற்றின் இடுக்கு வழியே நாட்டார் பார்த்தார். சங்கிலி எழுந்து நின்றிருந்தான். குண்டுக்கல் அவன் கையிலேயே இருந்தது. அவன் முகம் ஆற்றின் அக்கரையை நோக்கியிருந்தது. அக்கரையில்தான் நாட்டாரின் வீடு.

"தெரிஞ்சுக்கிட்டேவா தொறந்துவிட்டாரு? தெரிஞ்சுக்கிட்டேவா எம்மகளை அனுப்புனாரு?"

வைத்தியர் எழுந்து அவன் தோளைத் தொட்டார். ஜமுக்காளம் மறுத்த அதே கை. சங்கிலி அதை உதறினான்.

மாசாணி அவன் கையிலிருந்த கல்லைப் பார்த்தாள். பிறகு கீழூர் இருக்கும் திசையைப் பார்த்தாள். அங்கே கூரையைப் பிய்த்து எரித்துக்கொண்டு, ஒரு மனிதரின் சொல்லை நம்பி, வீட்டுக்குள் அடைந்து கிடந்தார்கள்.

"சொல்லல" என்றாள்.

"என்ன?"

"நான் சொல்லல. மந்திதானேன்னு விட்டுட்டேன். பொதைச்சிட்டு என் சோலியைப் பாத்தேன். அவருக்கு எப்படித் தெரியும்?"

அவள் குரல் சற்றும் நடுங்கவில்லை.

சங்கிலி நின்றபடியே நின்றான். பின்பு கல்லைப் புளிக் குவியலின் மேல் போட்டுவிட்டு உட்கார்ந்தான். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். துண்டுக்குள்ளிருந்து அவன் பேசியது சரியாகக் கேட்கவில்லை. நாளை வரைக்கும் இருக்காதே, இன்றைக்கே எங்கேயாவது போய்விடு, என் கண்ணில் படாதே என்ற அளவில் கேட்டது.

வைத்தியர் தம் மேல்துண்டை உதறிக்கொண்டு, அவளிடமிருந்து நாலடி விலகி நின்றார்.

மாசாணி குனிந்து அடுத்த புளியை எடுத்துத் தட்டினாள்.

நாட்டார் தேடி வந்த பெயர் கிடைத்துவிட்டது. நாளைச் சபையில் அதை அவர் உரக்கச் சொல்ல வேண்டிய அவசியமும் இராது. அவளே எழுந்து சொல்லிவிடுவாள். மறுப்பவர் எவருமில்லை. வைத்தியரும் சங்கிலியும் சாட்சி. அவருடைய சொல் கீழூரில் அப்படியே நிற்கும். அவருடைய வீட்டில் ஒரு கடுஞ்சொல்லும் எழாது. அந்தி சாயும்போது, அந்தப் பெண் தன் அரிவாளையும் ஒரு மூட்டையையும் எடுத்துக்கொண்டு எல்லைக்கல்லைத் தாண்டிப் போய்விடுவாள்.

அவர் அம்மையைப் பார்த்தார்.

பேசலாம் என்று அவள் சொல்லவில்லை. பேச வேண்டாம் என்றும் சொல்லவில்லை. களைந்த அரிசியில் ஒரு கல்லைக் கண்டு, விரலால் எடுத்துப் போட்டாள்.

அவர் மேலும் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நிமிரவில்லை.

வெளியே ஒரே ஒரு கல் தட்டும் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது.

உலகப்ப நாட்டார் எழுந்தார்.  கீற்றுத் தடுக்கை விலக்கி, வேட்டியெல்லாம் சாம்பலாக வெயிலில் வந்து நின்றார்.

மூவரும் திடுக்கிட்டு எழுந்தார்கள். சங்கிலி துண்டை அவசரமாக இடுப்பில் கட்டிக்கொண்டான். மாசாணி, வேண்டாம் என்பதுபோல், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் தலையை அசைத்தாள்.

நாட்டார் சங்கிலியின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"சொன்னாள்" என்றார்.